வாண்டர்பில்ட் பேஸ்பால், 2011–2021: ஓமாஹாவுக்கே போகாத 2013 அணியை எங்கே வைப்பது?

1. மேற்குத்திண்ணை

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் "2014, 2019, இரண்டு கோப்பை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கடந்த ஒரு மாதமாக 2011 முதல் 2021 வரையிலான சீசன்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்ட விவரங்களை மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க ஓர் எண்ணம் வலுத்துக்கொண்டே வந்தது: அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அணி 2013 அணிதான்.

அந்த ஆண்டு 54 வெற்றி, 12 தோல்வி. எஸ்.இ.சி. லீக்கில் மட்டும் 26 வெற்றி, 3 தோல்வி. அதுவரை அந்த லீக்கில் எந்த அணியும் ஒரே சீசனில் 26 ஆட்டங்களை வென்றதில்லை. எஸ்.இ.சி. என்றால் எல்.எஸ்.யூ., புளோரிடா, தென் கரோலினா, ஆர்கன்சா, மிசிசிப்பி ஸ்டேட் எல்லாம் மோதிக்கொள்ளும் லீக். அங்கே ஒரு வார இறுதியில் மூன்றுக்கு இரண்டு வென்றாலே நிம்மதியாக ஊர் திரும்புவார்கள். இவர்கள் லீக் ஆட்டங்கள் முழுவதிலும் மூன்றே முறை தோற்றார்கள்.

பந்து எறியும் பிட்சர் டைலர் பீடியின் கணக்கில் 14 வெற்றி, ஒரே தோல்வி. அவருக்கு இணையாக இடதுகை பிட்சர் கெவின் சியோமெக். ஐந்தடி ஆறங்குல உயரமே உள்ள டோனி கெம்ப் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் பேரன் மைக் அந்த அணியில் இருந்தார். தேசிய தரவரிசையில் இரண்டாம் இடத்தோடு நாக் அவுட்டுக்குள் நுழைந்தார்கள்.

பிறகு சொந்த மைதானத்தில் லூயிவில் அணியிடம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்தின் முடிவு 2-1. அவ்வளவுதான், சீசன் முடிந்தது. நான்கு மாத உழைப்பை இரண்டு நாள் அழித்துவிடுமா? அழிக்கக் கூடாது என்பதே என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

2. கணக்கோலை

மரியாதையோடு மறுக்கிறேன். நாக் அவுட் எப்படி நடக்கும் என்பது பிப்ரவரி மாதமே எல்லா அணிகளுக்கும் தெரியும். அதில் வெல்வதும் அணியின் திறமையில் ஒரு பகுதிதான்.

2019 அணியைப் பாருங்கள். 59 வெற்றி, 12 தோல்வி. லீக்கில் முதலிடம், லீக் கோப்பைத் தொடரில் வெற்றி, தேசியக் கோப்பை. மூன்றும் அவர்களுக்கே. ஜே.ஜே. பிளெடே 27 முறை பந்தைச் சுவருக்கு வெளியே ஹோம் ரன்னாக அடித்து நாட்டிலேயே முதலிடத்தில் நின்றார். 2013 அணி லீக் தொடரின் இறுதி ஆட்டத்தில் எல்.எஸ்.யூ.விடம் தோற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றை வென்ற அணியை மூன்றையும் வென்ற அணிக்கு மேலே வைக்க எந்தக் கணக்கும் இடம் தராது.

3. புதுவரவு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான், பேஸ்பால் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஓமாஹா, சூப்பர் ரீஜனல் என்கிறீர்களே, அது எப்படி நடக்கிறது? தொழில்முறை லீக்குக்குப் போகக் கூடிய திறமைசாலிகள் ஏன் கல்லூரியில் ஆடுகிறார்கள்?

4. நாஷ்வில்_மாலை

மன்னிப்பெல்லாம் எதற்கு, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும். லீக் ஆட்டங்கள் மார்ச் நடுவிலிருந்து மே வரை, வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று மூன்றாக நடக்கும். அணியின் முதன்மை பிட்சர் வெள்ளிக்கிழமை எறிவார், அடுத்தவர் சனிக்கிழமை, மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை. ஒருமுறை நூறு பந்துகளுக்கு மேல் எறிந்தவருக்குத் தோள் தேற ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். ஆகவே ஒரு நல்ல பிட்சர் மட்டும் இருந்தால் போதாது, மூவர் வேண்டும். கல்லூரி பேஸ்பாலின் அடிப்படைக் கணக்கே இதுதான்.

மே மாதக் கடைசியில் 64 அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். நான்கு நான்காக 16 ஊர்களில் ரீஜனல். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு முறை தோற்ற அணி வெளியேறும். மிஞ்சும் 16 அணிகள் இருவர் இருவராக மூன்று ஆட்டங்கள் மோதுவது சூப்பர் ரீஜனல். அதில் வெல்லும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமாஹா நகருக்குப் போகும். 1950 முதல் காலேஜ் வேர்ல்டு சீரிஸ் அங்கேதான் நடக்கிறது. பழைய ரோசன்பிளாட் மைதானத்தை விட்டு 2011இல் புது மைதானத்துக்கு மாறினார்கள். அங்கே கடைசியில் இரண்டு அணிகள் மூன்று ஆட்டங்களில் மோதும். இரண்டை வென்றவருக்குக் கோப்பை.

உங்கள் இரண்டாவது கேள்வி. பள்ளி முடித்ததும் தொழில்முறை அணிகள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அதை மறுத்துவிட்டு நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்றாம் ஆண்டு முடியும்வரையோ 21 வயது ஆகும்வரையோ மறுபடி தேர்வுக்குப் போக முடியாது. ஆகவே பயிற்சியாளரின் முதல் வெற்றி மைதானத்தில் கிடைப்பதல்ல. பதினெட்டு வயதுப் பையனின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "இப்போது கையெழுத்துப் போடாதே, மூன்று ஆண்டு என்னோடு இரு" என்று அவனையும் பெற்றோரையும் நம்பவைப்பதுதான். வாண்டர்பில்ட் பயிற்சியாளர் டிம் கார்பின் இதில் கெட்டிக்காரர். டைலர் பீடியை டொராண்டோ அணி 2011இல் முதல் சுற்றிலேயே எடுத்தது. அவர் அதை மறுத்துவிட்டுத்தான் வாண்டர்பில்ட் இருக்கும் நாஷ்வில் நகருக்கு வந்தார்.

5. இடதுகைக்காரன்

2011இல் தொடங்கினால் கதை பாதியிலிருந்து தொடங்குகிறது. 2007ஐச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கார்பின் 2003 சீசனில் பொறுப்பேற்றபோது வாண்டர்பில்ட் அந்த லீக்கின் ஒரே தனியார் பல்கலைக்கழகம், அளவிலும் மிகச் சிறியது. பேஸ்பாலில் சொல்லிக்கொள்ளும்படி வரலாறு கிடையாது. நான்கே ஆண்டுகளில் நாட்டின் முதல்நிலை அணியாக்கினார். 2007இல் 54 வெற்றி. டேவிட் பிரைஸ் என்ற இடதுகை பிட்சர். நானும் இடதுகைக்காரன், அவர் எறிவதைப் பார்ப்பதற்காகவே இந்த ஆட்டத்துக்குள் வந்தவன். அந்த ஆண்டு தொழில்முறைத் தேர்வில் முதல் பெயரே அவருடையதுதான்.

அந்த அணி சொந்த மைதானத்தில், ரீஜனலிலேயே, மிச்சிகனிடம் தோற்று வெளியேறியது. வழக்கமான ஒன்பதில் முடியாமல் நீண்ட பத்தாவது இன்னிங்ஸில், மாற்று பேட்டராக வந்த ஒரு முதலாண்டு மாணவர், பிரைஸின் பந்தையே ஹோம் ரன்னாக அடித்தார். அப்போது கார்பினின் உதவிப் பயிற்சியாளராகப் பக்கத்தில் நின்றவர் எரிக் பாகிச். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2019 இறுதிப் போட்டியில் வாண்டர்பில்ட்டை எதிர்கொண்ட மிச்சிகனுக்குத் தலைமைப் பயிற்சியாளர் அதே பாகிச். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மயிர் சிலிர்க்கிறது.

6. மேற்குத்திண்ணை

இடதுகைக்காரன் அண்ணா, நன்றி. 2007 வலி இல்லாமல் 2011 மகிழ்ச்சி புரியாது. 2011இல்தான் முதன்முறையாக ஓமாஹா. சானி கிரே முதன்மை பிட்சர். அதே 54-12. ஓமாஹாவில் வட கரோலினாவை இரண்டு முறை வென்றார்கள், புளோரிடாவிடம் இரண்டு முறை தோற்றார்கள். அந்த ஆண்டு தேர்வில் அந்த ஓர் அணியிலிருந்தே 12 பேர் போனார்கள். மறு ஆண்டு 35-28க்கு இறங்கியதில் ஆச்சரியம் என்ன? வீட்டில் பாதிப்பேர் வேலைக்குப் போய்விட்டால் அடுப்படி வெறிச்சோடத்தான் செய்யும்.

கணக்கோலைக்கு ஒரு கேள்வி. 2012இல் அப்படிச் சரிந்த அணி, மறு ஆண்டே 26-3க்கு ஏறியதற்கு உங்கள் கணக்கில் மதிப்பெண் எவ்வளவு?

7. கணக்கோலை

மதிப்பெண் உண்டு, ஆனால் கோப்பைக்கு ஈடாகாது.

இன்னொன்றையும் பேச வேண்டும், பலர் பேசத் தயங்குவது. அந்த ஆண்டுகளில் கல்லூரி பேஸ்பாலில் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகளுக்கு மேல் தரக் கூடாது என்று விதி இருந்தது. அதை 27 பேருக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பெரும்பாலான ஆட்டக்காரர்கள் மீதிச் செலவைக் குடும்பத்திலிருந்து கட்டினார்கள். வாண்டர்பில்ட்டில் வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கடனுக்குப் பதிலாகத் திருப்பித் தர வேண்டாத உதவியே தரும் திட்டம் இருக்கிறது. அது விளையாட்டு உதவித்தொகைக் கணக்கில் சேராது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பலருக்கு இதில் நியாயமான வருத்தம் இருந்தது. 2011–2021 வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

8. நெய்தல்நிலா

கணக்கோலை ஐயா சொன்ன விதி சரி. ஆனால் முடிவு எனக்கு ஒப்பவில்லை.

அந்த உதவி பேஸ்பால் பையன்களுக்கென்று வகுத்ததல்ல. அங்கே படிக்கத் தகுதி பெற்று, குடும்பத்துக்கு வசதி இல்லாத எந்த மாணவருக்கும் உரியது. அத்தோடு, உதவித் திட்டங்களைத் தாராளமாக வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு பலவும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட், டியூக், ரைஸ். அவை எல்லாம் இந்தக் காலத்தில் நான்கு முறை இறுதிப் போட்டிக்குப் போகவில்லையே. மறுபக்கம், தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளிடம் குறைந்த கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. லாட்டரி வருமானத்தில் மாநிலமே படிப்புச் செலவைத் தாங்கும் இடங்களும் உண்டு. அவரவர் கையில் ஒரு சீட்டு. கதவைத் திறந்துவிட்டது பணம் என்றே வைத்துக்கொள்வோம், உள்ளே வந்தவரைத் தேற்றியது யார்?

டான்ஸ்பி ஸ்வான்சனைப் பள்ளி முடித்தபோது 38ஆவது சுற்றில்தான் எடுத்தார்கள். கார்சன் ஃபுல்மரை 15ஆவது சுற்றில். வாக்கர் பியூலரை 14ஆவதில். மூவரும் மறுத்துவிட்டு வாண்டர்பில்ட் வந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2015இல், ஸ்வான்சன் நாட்டின் முதல் தேர்வு, ஃபுல்மர் எட்டாவது, பியூலர் 24ஆவது. மூவரும் முதல் சுற்று. இவர்கள் வந்து சேர்ந்த சீசன் எது தெரியுமா? 2013.

9. மேற்குத்திண்ணை

நெய்தல்நிலா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை.

ஸ்வான்சன் 2013இல் காயங்களால் 11 ஆட்டங்களே ஆடினார். மீதி நாளெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். அந்த 26-3ஐயும், லூயிவில்லிடம் விழுந்ததையும் பார்த்தவர், மறு ஆண்டு ஓமாஹாவில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 2013 அணி தோற்றுப் போகவில்லை, 2014க்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

10. ஓமாஹா_வெயில்

2014 இறுதியை நான் நேரில் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே என்று காத்திருந்தேன்.

முதலில் ஒன்று: அந்த ஆண்டு லீக்கில் அவர்கள் 17-13தான். சாதாரணம். 2013 அணி பக்கத்தில் நின்றால் நிழல்கூட விழாது. ஆனாலும் சூப்பர் ரீஜனலில் ஸ்டான்ஃபோர்டை மூன்றாவது ஆட்டத்தில் வென்று வந்தார்கள். ஓமாஹாவில் லூயிவில்லை முதல் ஆட்டத்திலேயே வென்றார்கள், ஓராண்டுக் கடன் அடைந்தது. டெக்சஸிடம் ஒருமுறை தோற்று, மறுமுறை பத்து இன்னிங்ஸ் இழுத்து 4-3 என்று வென்றார்கள்.

இறுதியில் வர்ஜீனியா. முதல் ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ரன், அப்படியும் 9-8 என்றுதான் தப்பினார்கள். இரண்டாவது ஆட்டம் வர்ஜீனியாவுக்கு, 7-2. மூன்றாவது ஆட்டம், ஜூன் 25. எட்டாவது இன்னிங்ஸ், 2-2.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2011 முதல் கல்லூரி பேட்டுகளுக்குப் புது விதி வந்து, அலுமினிய பேட்டிலிருந்து பந்து பாயும் வேகம் குறைந்துவிட்டது. ஓமாஹாவின் புது மைதானமோ பெரியது, காற்று பெரும்பாலும் எதிரே வீசும். அங்கே அந்த ஆண்டுகளில் ஹோம் ரன் அபூர்வம். வாண்டர்பில்ட் அணி அந்த ஆண்டு முழுவதும் அடித்ததே 22. வர்ஜீனியாவுக்காக எறிந்துகொண்டிருந்தவர் நிக் ஹோவர்ட், அந்த மாதம்தான் முதல் சுற்றில் தேர்வானவர், மணிக்கு 97 மைல் வேகம். எதிரே ஜான் நார்வுட். அந்த சீசனில் அதற்குமுன் இரண்டே ஹோம் ரன் அடித்தவர்.

பந்து இடதுபக்கம் எழும்பியபோது என் பக்கத்தில் யாரும் கத்தவில்லை. பிடித்துவிடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். அது சுவரைத் தாண்டி விழுந்த பிறகுதான் சத்தம் வந்தது. 3-2. எட்டாவது இன்னிங்ஸிலேயே வர்ஜீனியா மூன்று தளங்களிலும் ஆட்களை நிறுத்தி மிரட்டியது, ஆடம் ரேவனெல் வந்து தடுத்து, ஒன்பதாவதையும் முடித்தார். வாண்டர்பில்ட்டின் ஆண்கள் அணி எந்த விளையாட்டிலும் வென்ற முதல் தேசியக் கோப்பை அது. அதற்குமுன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருந்தது 2007இல் பெண்கள் பவுலிங்கில் வென்ற கோப்பை ஒன்றுதான்.

11. புதுவரவு

ஓமாஹா_வெயில், அந்த ஹோம் ரன்னை இப்போதுதான் காணொளியில் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே ஒரு நொடி மௌனம் தெரிகிறது. ஆனால் காணொளி முழுவதும் யாரோ விசில் அடித்துக்கொண்டே இருக்கிறார்களே, அது என்ன?

12. நாஷ்வில்_மாலை

அவர்கள் வாண்டர்பில்ட் ரசிகர்கள். அந்த விசில் அணியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எதிரணி ரசிகர்களுக்கு அறவே பிடிக்காது, தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கும் தலைவலிதான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் ஜூன் மாதம் வந்துவிட்டதாகத் தோன்றும்.

13. இடதுகைக்காரன்

2015ஐ இரண்டு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அந்த இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. வெற்றி தோல்வி எண்ணிக்கை 2014 போலவே, 51-21. ஓமாஹாவில் மறுபடி அதே வர்ஜீனியா. முதல் ஆட்டத்தில் ஃபுல்மர் எறிந்து 5-1 வெற்றி. அடுத்த இரண்டும் 3-0, 4-2 என்று வர்ஜீனியாவுக்குப் போயின.

2014 அணியைவிட 2015 அணி வலுவானது. 2014 வர்ஜீனியா அணி 2015 வர்ஜீனியாவைவிட வலுவானது. இரண்டு ஆண்டும் வலுக் குறைந்த அணியே கோப்பையைத் தூக்கியது. மேற்குத்திண்ணையின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கோப்பை எது சிறந்த அணி என்று சொல்வதில்லை, அந்த மூன்று நாளில் யார் வென்றார்கள் என்று மட்டுமே சொல்கிறது.

14. கணக்கோலை

ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். யோசிக்கிறேன். ஆனால் வேறொரு கோலம் என் கண்ணில் படுகிறது. 2007 மிச்சிகன், 2013 லூயிவில், 2018இல் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் மூன்றாவது ஆட்டத்தில் 11 இன்னிங்ஸ் வரை போய்த் தோற்றது, எல்லாம் சொந்த மைதானம். இந்த அணிக்குச் சொந்த மண்ணில் நெருக்கடியைத் தாங்கும் பக்குவம் குறைவோ?

15. நாஷ்வில்_மாலை

வாண்டர்பில்ட்டின் சொந்த மைதானமான ஹாக்கின்ஸ்மேல் இந்தப் பழி வேண்டாம். எண்ணிப் பார்த்தேன். 2011 முதல் 2021 வரை எட்டு முறை சூப்பர் ரீஜனல் ஆடினார்கள். அதில் ஆறு சொந்த மைதானத்தில்: 2011, 2014, 2019, 2021இல் வெற்றி, 2013, 2018இல் தோல்வி. வெளியூரில் இரண்டு: 2015இல் இல்லினாயில் வெற்றி, 2017இல் ஓரிகன் ஸ்டேட்டிடம் தோல்வி. ஆறுக்கு நான்கு என்பது குறையா? தோல்வி மட்டும் நம் மனத்தில் ஆணி அடித்தது போல நின்றுவிடுகிறது.

16. கணக்கோலை

சரி, அதைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணாமல் எழுதியது என் தவறு.

17. நெய்தல்நிலா

நீங்கள் யாரும் 2016ஐத் தொடவில்லை. வேண்டுமென்றே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்கிறேன்.

ஜூன் 2, வியாழக்கிழமை. மறுநாள் நாஷ்வில்லில் ரீஜனல் தொடங்க வேண்டும். டானி எவரெட், முதலாண்டு பிட்சர், 19 வயது, டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் ஊர்க்காரர். நார்மண்டி ஏரியில் நண்பர்களோடு மீன் பிடிக்கப் போன இடத்தில் நீரில் மூழ்கி இறந்துவிட்டார். அந்தப் பையன்கள் அதன் பிறகும் மைதானத்துக்கு வந்தார்கள். சேவியர் அணியிடமும் வாஷிங்டன் அணியிடமும் தோற்றார்கள். 43-19 என்று அந்த சீசன் முடிந்ததாகப் புள்ளிவிவரம் சொல்லும்.

எனக்கும் அந்த வயதில் ஒரு மகன் இருக்கிறான். அந்த வாரம் தொலைக்காட்சியில் அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன், பிறகு அணைத்துவிட்டேன். நீங்கள் போடும் தரவரிசையில் 2016க்கு எண் எதுவும் தராதீர்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

18. மேற்குத்திண்ணை

தரமாட்டேன், அக்கா.

19. ஓமாஹா_வெயில்

எவரெட்டோடு 2015 இலையுதிர் காலத்தில் முதலாண்டு சேர்ந்த பையன்களுக்கு 2019 நான்காம் ஆண்டு. அதுவரை தங்கியிருந்த சிலர் அந்தக் கோப்பையைத் தொட்டார்கள். 2019ஐ நான் பார்ப்பது இந்த வழியாகத்தான்.

20. புதுவரவு

2019 என்றதும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். குமார் ராக்கர் என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறது. குமார் என்ற பெயரைப் பார்த்துத்தான் இந்த அணியையே தேடத் தொடங்கினேன்.

21. இடதுகைக்காரன்

சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ராக்கரின் தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து அமெரிக்கா வந்து குடியேறியவர்கள். தாயார் லலிதா. தந்தை டிரேசி ராக்கர், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். மகனுக்கு அந்த உடற்கட்டு வாய்த்தது.

2019 சூப்பர் ரீஜனல், எதிரணி டியூக். முதல் ஆட்டத்தில் வாண்டர்பில்ட் 18-5 என்று நொறுங்கியது. மறுநாள், ஜூன் 8, தோற்றால் சீசன் முடிந்தது. 59 வெற்றியும் இல்லை, தேசியக் கோப்பையும் இல்லை, இன்னொரு 2013. அந்த நிலையில் முதலாண்டு மாணவர் ஒருவர் கையில் பந்தைக் கொடுத்தார் கார்பின். ராக்கர் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தார். 131 பந்துகள். 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது 19 முறை பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே வெளியேறினார். டியூக் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. 3-0. சூப்பர் ரீஜனல் வரலாற்றில் அதற்குமுன் யாரும் நோ ஹிட்டர் எறிந்ததில்லை. அவருடைய வளைந்து விழும் ஸ்லைடர் பந்து நெஞ்சுயரத்தில் கிளம்பி, பேட்டர் வீசத் தொடங்கிய பிறகு முழங்காலுக்குக் கீழே விழும். டியூக் பேட்டர்கள் பந்து இல்லாத இடத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் 13-2. ஓமாஹாவில் லூயிவில்லை இரண்டு முறையும், மிசிசிப்பி ஸ்டேட்டை ஒருமுறையும் வென்று இறுதிக்குப் போனார்கள். நான் மேலே சொன்ன பாகிச்சின் மிச்சிகன் முதல் ஆட்டத்தை 7-4 என்று எடுத்தது. மறுபடி தோற்றால் போச்சு. மறுபடி ராக்கர், 11 ஸ்ட்ரைக் அவுட், 4-1. கடைசி ஆட்டம் 8-2. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த முதலாண்டுப் பையனுக்கு.

22. மேற்குத்திண்ணை

இடதுகைக்காரன் அண்ணா, "இன்னொரு 2013" என்று நீங்கள் எழுதியதில் நின்றுவிட்டேன். 2013க்கும் 2019க்கும் இடையே உள்ள தூரம் அந்த 131 பந்துகள்தான் என்றால், கணக்கோலை சொல்வதும் நான் சொல்வதும் அவ்வளவு விலகியவை அல்ல.

23. கணக்கோலை

ஆமாம். 18-5 ஆட்டத்துக்கு மறுநாள் ராக்கருக்கு ஒரு சாதாரண நாளாக அமைந்திருந்தால், நானே 2019 அணியை இரண்டாவது பதிவில் அப்படித் தூக்கிப் பேசியிருக்கமாட்டேன். அதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு அது சாதாரண நாளாக அமையவில்லை, அதுதான் நடந்தது. 2019 என் பட்டியலில் முதலிடத்திலேயே இருக்கிறது. 2013ஐ ஐந்திலிருந்து இரண்டுக்கு ஏற்றுகிறேன்.

24. நாஷ்வில்_மாலை

2020ஐ யாரும் கேட்கமாட்டீர்கள். 18 ஆட்டங்கள், 13-5. மார்ச் 12 அன்று கொரோனாவால் நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தின நாள். அன்று மாலை மைதானத்தைச் சுற்றி நடந்தேன், கதவு பூட்டியிருந்தது. ஆஸ்டின் மார்ட்டின் அந்த ஆண்டு ஐந்தாவது தேர்வாகப் போனார், அந்த சீசனின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆடாமல்.

25. ஓமாஹா_வெயில்

2021 பற்றி எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை, வாண்டர்பில்ட் ரசிகனாக இருந்தும்.

ஜாக் லைட்டர், ராக்கர், இருவரும் ஒரே அணியில். லைட்டர் மார்ச்சில் தன் முதல் லீக் ஆட்டத்திலேயே தென் கரோலினாவுக்கு எதிராக 16 ஸ்ட்ரைக் அவுட்டோடு நோ ஹிட்டர் எறிந்தார். ஓமாஹாவில் வட கரோலினா ஸ்டேட்டுக்கு எதிராக 15 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தும், ஒரே ஒரு ஹோம் ரன்னால் 1-0 என்று தோற்றார். பிறகு அதே அணியோடு மறுபடி ஆட்டம். கொரோனா விதிகளால் அவர்களுக்கு 13 வீரர்களே மிஞ்சினார்கள். அப்படியும் கடைசிவரை போராடி 3-1 என்றுதான் தோற்றார்கள். மறுநாள் தீர்மான ஆட்டம். அது நடக்கவே இல்லை. நள்ளிரவு தாண்டி அந்த அணியைத் தொடரிலிருந்து விலக்கிவிட்டார்கள். வாண்டர்பில்ட் ஆடாமலே இறுதிக்குப் போனது.

முதல் ஆட்டம் 8-2 வெற்றி. அடுத்தது 13-2 தோல்வி. கடைசி நாள் ராக்கர் எறிந்தார், மிசிசிப்பி ஸ்டேட் 9-0. வில் பெட்னாரும் லாண்டன் சிம்ஸும் சேர்ந்து வாண்டர்பில்ட்டுக்கு ஒரே ஒரு ஹிட் மட்டுமே கொடுத்தார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு அது எந்தக் குழு விளையாட்டிலும் முதல் தேசியக் கோப்பை. அவர்களுடைய ரசிகர்கள் அழுததைப் பார்த்தபோது 2014இல் நாங்கள் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள் என்று தோன்றியது. தோற்றவன் வருத்தம் எனக்கு அன்று வரவில்லை.

26. நெய்தல்நிலா

வட கரோலினா ஸ்டேட் பையன்கள் ஆடியே தோற்றிருக்கலாம், ஆடியே வென்றிருக்கலாம். அந்த ஆட்டத்தை அவர்களிடமிருந்து எடுத்தது விதி என்றால், 2013இல் லூயிவில் எடுத்ததை நான் குறைசொல்லமாட்டேன். அது மைதானத்தில், பந்தால் எடுக்கப்பட்டது.

27. மேற்குத்திண்ணை

எனக்கு எதிராகவே இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அக்கா. இரண்டு நாள் நான்கு மாதத்தை அழிக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். லூயிவில்லின் அந்த 2-1 வெற்றியையும் அவர்களுடைய நான்கு மாதம் இருந்துதான் எழுதியிருக்கும் என்பதை நான் நினைக்கவே இல்லை.

என் பட்டியல் இப்போது: 2019, 2013, 2015, 2014, 2011, 2021. கோப்பை வென்ற 2014 ஏன் நான்காவது என்று கேட்பவர்களுக்கு 13ஆம் பதிவே பதில். 2016 பட்டியலில் இல்லை.

28. இடதுகைக்காரன்

2025இல் முதலிடத்தோடு நுழைந்து, சொந்த மைதானத்தில் ரைட் ஸ்டேட்டிடம் ரீஜனலிலேயே தோற்றபோது எனக்கு 2007தான் திரும்பி வந்தது. ஆனால் அது வேறு பத்தாண்டு. வேறு இழையில் பேசுவோம்.

29. புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. பிப்ரவரியில் வேலை விஷயமாக நாஷ்வில் வர வேண்டியிருக்கிறது. ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் கிடைக்கும். எதைப் பார்க்கட்டும்?

30. நாஷ்வில்_மாலை

வெள்ளிக்கிழமை ஆட்டம். முதன்மை பிட்சர் அன்றுதான் எறிவார். சீக்கிரம் போய் அவர் எறிந்து தோளைச் சூடேற்றிக்கொள்வதைப் பாருங்கள், கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் தொலைக்காட்சியில் கேட்காது. தடித்த ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு குளிர் கடுமை. வருவதற்கு முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நானும் வருகிறேன்.